பொன்ழூர் மாமா! (கேள்வி - பதில்)

பிளஸ் ஒன் மாணவியின் அம்மா, மடிப்பாக்கம்: தமிழ் எடுத்தால் மார்க் குறையும், பிரெஞ்சு எடுத்தால் அள்ளலாம் என்கிறார்களே?

அள்ளலாம். அள்ளி எங்கே கொட்டப் போகிறீர்கள்? பொறியியல் கட்-ஆஃபில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றுக்குத்தான் இடம். மருத்துவத்துக்கு நீட். மொழிப்பாட மார்க்குக்கு இந்த இரண்டு வாசலிலும் வேலை இல்லை.

மார்க்குக்காக மட்டும் எடுத்தால், பத்து வருஷம் படித்த தமிழ் அறுந்துபோகும், பிரெஞ்சும் ஒட்டாது. மொழி மேல் ஆசையா? தாராளமாக எடுக்கட்டும். நானே மாலை போடுகிறேன்.

பிளஸ் டூ மாணவன், ஈரோடு: பிரெஞ்சில் 98 வாங்கினேன். மாமல்லபுரத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் வழி கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. ஏன் மாமா?

98-ஐ வாங்கியது உன் பேனா, தம்பி. வாய் இன்னும் பரீட்சைக்கே உட்காரவில்லை.

அவனுடைய வகுப்புத் தோழன், ஈரோடு: வாய்க்கும் பரீட்சை இருக்கிறதா?

இருக்கிறது. டெல்ஃப் என்று பெயர். 1985 முதல் பிரான்ஸ் கல்வி அமைச்சகம் தரும் சான்றிதழ். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல், நான்குக்கும் தலா 25 மார்க். மொத்தம் 50 வந்தால் தேர்ச்சி.

அங்கேதான் ஒரு கொக்கி. நான்கில் எந்த ஒன்றிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. எழுத்தில் 25, படிப்பில் 25, கேட்பதில் 25 வாங்கிவிட்டு, பேசச் சொன்னால் திருதிருவென விழித்து 4 வாங்கினால் ஃபெயில். மூன்று காலில் கட்டில் நிற்காது.

ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு படி. அதற்கு மேல் டால்ஃப் சி1, சி2. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனி வினாத்தாளும் உண்டு. ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லும்.

ஆறாம் வகுப்பு மாணவனின் அப்பா, கோவை: மூன்றாம் மொழியாக பிரெஞ்சு வைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். மூன்று வருஷத்தில் என்ன வந்துவிடப் போகிறது?

கணக்குப் போடுவோம். வாரம் மூன்று பீரியட், பீரியடுக்கு 40 நிமிஷம். வாரம் 2 மணி நேரம். வருஷத்தில் 35 வாரம் நடந்தால் 70 மணி நேரம். மூன்று வருஷத்தில் 210.

ஏ1 படிக்குச் சுமார் 100 மணி நேரம், ஏ2 படிக்குச் சுமார் 200 மணி நேரம் என்பது பிரெஞ்சு சொல்லித் தரும் இடங்களில் வழங்கும் கணக்கு. ஆக, உங்கள் மகன் எட்டாம் வகுப்பு முடிக்கும்போது கடையில் பேரம் பேசவும், தன் வீட்டைப் பற்றி ஒரு கடிதம் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் நேரம் போதவில்லை என்று சொல்லாதீர்கள். அந்த 210 மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

பிரெஞ்சு ஆசிரியை, தாம்பரம்: பிள்ளைகள் கட்டுரையை மனப்பாடம் செய்து அப்படியே கக்குகிறார்கள். நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?

நீங்கள் ஒருத்திதான் செய்ய முடியும், டீச்சர். பீரியடின் முதல் ஐந்து நிமிஷத்தைப் பாடப்புத்தகத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ளுங்கள். இருவர் இருவராக உட்காரவைத்து, நேற்று என்ன சாப்பிட்டாய், யாரோடு சண்டை போட்டாய் என்று பிரெஞ்சில் பேசவிடுங்கள். தப்பும் தவறுமாகப் பேசட்டும். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். கடைசியில் இரண்டே பிழையைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள், போதும்.

வாரம் ஒரு நாள் சொல்வதெழுதுதல் வையுங்கள். பிரெஞ்சுப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பது அது. காதும் கையும் சேர்ந்து வேலை செய்யும். மனப்பாடக் கட்டுரைக்கு அங்கே நுழைய வழியே கிடையாது.

ஏழாம் வகுப்பு மாணவி, மதுரை: 97-ஐச் சொல்ல நாலு இருபது, பத்து, ஏழு என்கிறார்கள். எண்ணக்கூடத் தெரியாதா அவர்களுக்கு?

பாப்பா, நம் வீட்டையும் ஒரு தடவை எட்டிப் பார். தொண்ணூறுக்குள் நூறு உட்கார்ந்திருக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் படுத்திருக்கிறது. யாராவது கேட்டோமா?

பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொல் வைத்திருக்கிறார்கள்: செப்தாந்த், நோனாந்த். பரீட்சையில் மட்டும் பாரிஸ் கணக்கையே எழுது.

எட்டாம் வகுப்பு மாணவன், வேலூர்: மேசைக்கு எதற்கு மாமா ஆண்பால், பெண்பால்? மேசை பெண்ணாம்!

மேசையை விடு. பிரெஞ்சில் தாடியும் பெண்பால், மீசையும் பெண்பால். காரணம் தேடி முகத்தைப் பார்க்காதே. இலக்கணப் பால் வேறு, உடம்பு வேறு.

வழி ஒன்றுதான். சொல்லைத் தனியாகப் படிக்காதே. முன்னால் வரும் 'லெ' அல்லது 'லா'வோடு சேர்த்தே வாயில் போட்டுக்கொள். பிறகு பிரித்தாலும் பிரியாது.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று. அந்த எழுத்துகளை எல்லாம் எதற்கு வைத்திருக்கிறார்கள்?

பறவைக்கு அவர்கள் சொல் 'வாஸோ'. எழுதினால் ஓ, ஐ, எஸ், ஈ, ஏ, யூ என்று வரிசையாக நிற்கும். அதில் ஒரு எழுத்துகூடத் தன் சொந்த ஒலியில் வாய் திறக்காது.

ஆனால் ஒரு நல்ல செய்தி. பிரெஞ்சு ஏமாற்றினாலும் ஒழுங்காக ஏமாற்றும். ஓர் எழுத்துக் கூட்டத்தின் ஒலியைக் கற்றுக்கொண்டால் பெரும்பாலும் எல்லாச் சொல்லிலும் அதே ஒலிதான். இங்கிலீஷ் மாதிரி சொல்லுக்குச் சொல் கட்சி மாறாது. இரண்டு வாரம் அட்டவணையோடு சத்தமாகப் படி. மூன்றாவது வாரம், பார்த்திராத சொல்லையும் படித்துவிடுவாய்.

கணினிப் பயிற்சி மைய உரிமையாளர், தஞ்சாவூர்: பிரெஞ்சு விசைப்பலகையில் யூ எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போட்டுத் தனிப் பொத்தான் இருக்கிறது. எதற்கு?

ஒரே ஒரு சொல்லுக்கு. 'எங்கே' என்று கேட்கும் 'ஊ' என்ற சொல். பிரெஞ்சு மொழியில் வேறு எந்தச் சொல்லிலும் அந்த எழுத்து வராது. ஆனாலும் பொத்தானைப் பிடுங்கவில்லை பாருங்கள். தன் எழுத்தை எந்த இயந்திரத்துக்காகவும் விட்டுக்கொடுக்காத அந்தப் பிடிவாதத்துக்கு என் கும்பிடு.

பத்தாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்: எழுத்துப் பிழையால் பாதி மார்க் போகிறது. அழுகையாக வருகிறது மாமா.

அழாதே. 1857-இல் பிரெஞ்சு அரசவையில் மெரிமே என்ற எழுத்தாளர் விளையாட்டாக ஒரு சொல்வதெழுதுதல் வைத்தார். மூன்றாம் நெப்போலியன் 75 பிழை. மகாராணி 62. எழுத்தாளர் இளைய அலெக்ஸாந்தர் துமா 24. இப்படித்தான் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

முதலிடம் யாருக்குத் தெரியுமா? மூன்றே பிழை விட்ட மெட்டர்னிக்குக்கு. அவர் ஆஸ்திரியாக்காரர். பிரெஞ்சு அவருக்கு அயல்மொழி. உனக்கும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடு.

தமிழாசிரியர், சிதம்பரம்: பிரெஞ்சுப் பெயர்களை 'ழான்', 'ழாக்', 'ழூல்' என்று எழுதுகிறார்கள். ழகரத்தை இப்படிக் கடன் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் ஐயா. அந்த ஒலிக்கு நம்மிடம் எழுத்து இல்லை. 'ஜ' போட்டால் கடினமாகிறது, 'ஷ' போட்டால் காற்றாகிறது. ழகரம் அந்த ஒலி அல்ல என்பது போடுகிறவர்களுக்கும் தெரியும். பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் இந்த வழக்கத்தை நிலைநிறுத்தினார்கள். இங்கிலீஷ் வழியாக வராமல் நேரே வந்த புத்தகம் என்பதற்கு அதுவே ஓர் அடையாளம் ஆகிவிட்டது. இந்தப் பகுதியின் தலைப்பையும் பாருங்கள்.

பிளஸ் ஒன் மாணவன், திண்டுக்கல்: தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன் நான். பிரெஞ்சு உச்சரிப்பு வருமா?

உனக்கு வராமல் யாருக்கு வரும்? 'மரம்', 'பழம்' என்று வீட்டில் பேசுகிற வேகத்தில் சொல்லிப் பார். கடைசி 'ம்' உதட்டைத் தொடாது, மூக்கில் போய் உட்காரும். பிரெஞ்சில் பயமுறுத்துகிற மூக்கொலி அதன் உறவுக்காரன்தான்.

இன்னொன்று. மணி, அடித்தது இரண்டும் சேர்ந்தால் 'மணியடித்தது'. நடுவில் ஒரு யகரம் வந்து நிற்கிறது. பிரெஞ்சில் 'லே', 'அமி' சேர்ந்தால் 'லேஸமி'. தூங்கிக்கொண்டிருந்த மெய்யெழுத்து எழுந்துகொள்கிறது. புணர்ச்சி படித்த பிள்ளைக்கு இதில் புதுமை என்ன?

நீ, நீங்கள் வித்தியாசமும் அவர்களுக்கு உண்டு: 'துய்', 'வூ'. இங்கிலீஷ்காரன் இதைப் புரிந்துகொள்ளத் தலையால் தண்ணீர் குடிக்கிறான். தாத்தாவை 'நீங்கள்' என்று கூப்பிட்டு வளர்ந்த உனக்குப் பாதி வேலை மிச்சம். தமிழ் மீடியம் தடை அல்ல தம்பி, முன்பணம்.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, மயிலாப்பூர்: எங்கள் காலத்து நீல அட்டை மோழே புத்தகம் இப்போதும் உதவுமா?

காஸ்தோன் மோழேயின் புத்தகம் வந்தது 1953-இல். இலக்கணத்துக்கு இன்றும் ஆசான். பேச்சுக்குப் பழசு. அலமாரியில் வையுங்கள், காதுக்கு வானொலி வையுங்கள்.

அவரே மீண்டும்: அறுபது தாண்டியாயிற்று. இனிமேல் மண்டையில் ஏறுமா?

உச்சரிப்பில் சிறுபிள்ளை உங்களை முந்தும். இலக்கணத்தில் நீங்கள் அதை முந்துவீர்கள். வகுப்பில் பேத்தியோடு பக்கத்தில் உட்காருங்கள், இருவரும் தேறிவிடுவீர்கள்.

பொறியியல் மாணவர், பெருந்துறை: உலகத்தில் கஷ்டமான மொழி பிரெஞ்சுதானே?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்குச் சுமார் 30 வாரம். தமிழுக்கு 44 வாரம். அந்த 44 வாரத்துப் பாடத்தைத் தொட்டிலில் படுத்துக்கொண்டே முடித்தவர் நீங்கள். கஷ்டம் என்று இன்னொரு தடவை சொல்லாதீர்கள்.

பெயர் வெளியிட விரும்பாத மாணவன், சென்னை: இந்தி வேண்டாம் என்பதற்காகத்தான் பிரெஞ்சு எடுத்தேன். சரிதானே?

ஒரு மொழி மேல் உள்ள கோபத்தில் இன்னொன்றைப் படிக்காதே. கோபம் ஆறும்போது படிப்பும் ஆறிவிடும்.

பள்ளித் தாளாளர், விழுப்புரம்: பிளஸ் ஒன்னில்தான் பிரெஞ்சுக்கு இவ்வளவு கூட்டம். பத்தாம் வகுப்பு வரை காணோமே?

2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம்தான் காரணம். 2006-07-இல் ஒன்றாம் வகுப்பில் தமிழ் கட்டாயம் என்று தொடங்கி, வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. பிளஸ் ஒன்னில் கதவு திறக்கிறது, கூட்டம் பாய்கிறது.

சட்டம் சரி. பத்து வருஷம் தமிழ் படித்துவிட்டு மார்க் பயத்தில் ஓடுகிறார்கள் என்றால், தமிழ்ப் பாடத்தை இன்னும் சுவையாக நடத்த வேண்டியது பள்ளியின் கடமை. நீங்கள் தாளாளர். உங்களிடம்தான் சொல்ல முடியும்.

வரலாற்று மாணவி, புதுச்சேரி: பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் பிரெஞ்சு மிச்சம் இருக்கிறதா?

உன் வீட்டு வாசலைத் தாண்டினால் தெருப் பலகையில் இருக்கிறது. போலீஸ்காரர் தலையில் சிவப்புக் கெப்பியாக இருக்கிறது. பாகூரும் வில்லியனூரும் இன்னும் 'கொம்யூன்' பஞ்சாயத்துகள்தான். கடற்கரைக்குப் பக்கத்தில் லிசே ஃபிரான்சே 1826 முதல் பள்ளி நடத்துகிறது. பிரெஞ்சு கற்பிக்கும் அல்லியான்ஸ் ஃபிரான்சேஸ் 1889-இலேயே உன் ஊருக்கு வந்துவிட்டது.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். சில ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். உன் தெருவிலேயே அப்படி ஒரு குடும்பம் இருக்கலாம். புத்தகத்தை மூடிவிட்டு அந்த வீட்டுப் பாட்டியிடம் போய் உட்கார். வரலாறும் மொழியும் ஒரே காப்பியோடு கிடைக்கும்.

இலக்கிய வாசகர், காரைக்கால்: பிரெஞ்சு ஆட்சியில் தமிழுக்கு ஏதாவது நடந்ததா?

உங்கள் பக்கத்து நிரவிக்குப் போய்ப் பாருங்கள். 1909-இல் அங்கே அரசுப் பள்ளித் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்தவர் பாரதிதாசன். சம்பளம் கொடுத்தது பிரெஞ்சு அரசு.

அதற்கும் முன்னால், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை பகலெல்லாம் பிரெஞ்சுக்காரர்களோடு வேலை பார்த்துவிட்டு, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்த மொழியில்? தமிழில். அயல்மொழி கற்றவன் தாய்மொழியை விட வேண்டும் என்று எவனாவது சொன்னால் இவர் பெயரைச் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: பிரெஞ்சில் படிக்கத் தொடங்க எளிய புத்தகம் எது?

'குட்டி இளவரசன்'. செந்த்-எக்சுபெரி எழுதி 1943-இல் வந்தது. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்தே தமிழாக்கி, க்ரியா வெளியிட்டது. இடது கையில் தமிழ், வலது கையில் மூலம். ஒரு பத்தியைத் தமிழில் படி, அதையே பிரெஞ்சில் படி. அகராதியை நான்காம் பக்கத்துக்கு மேல் தேட மாட்டாய்.

எட்டாம் வகுப்பு மாணவன், சிவகாசி: எனக்குக் காமிக்ஸ்தான் பிடிக்கும். திட்டாதீர்கள் மாமா.

திட்டவா? உன் ஊர் லயன் - முத்து காமிக்ஸ் பிரெஞ்சு மொழிக்குச் செய்திருக்கும் சேவை உனக்கே தெரியாது. லக்கி லூக், 'இரத்தப் படலம்', கேப்டன் டைகர், எல்லாம் பிரெஞ்சு மொழியில் பிறந்தவை. தமிழ்ப் பிள்ளைகள் சிவகாசி வழியாக பெல்ஜியத்தையும் பிரான்ஸையும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

படம் முன்னால் இருக்கும்போது பாதி அர்த்தம் படமே சொல்லிவிடும். உன்னிடம் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது, மூலத்தை யாரிடமாவது கேட்டு வாங்கு. பாடப்புத்தகத்தைவிட வேகமாகப் பேச்சு வரும். அப்பா கேட்டால் மாமா சொன்னார் என்று சொல்.

மென்பொருள் பணியாளர், சோழிங்கநல்லூர்: மொழிபெயர்க்க ஆப் இருக்கும்போது பள்ளியில் எதற்குப் பிரெஞ்சு?

ஆப் வைத்துக் காப்பி வாங்கலாம். காதலிக்க முடியாது. சண்டை போட முடியாது. எதிரில் இருப்பவர் உங்களைக் கேலி செய்கிறார் என்பதை ஆப் சொல்லி முடிப்பதற்குள் அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

தந்தை, லா கூர்னேவ், பிரான்ஸ்: என்ர மகள் பள்ளிக்கூடத்திலயும் பிரெஞ்சு, வீட்டிலயும் பிரெஞ்சு. நாங்கள் தமிழில கேட்டால் அவள் பிரெஞ்சில பதில் சொல்லுறாள். என்ன செய்யலாம்?

தமிழில் கேட்பதை நிறுத்தாதீர்கள். அதுதான் முதல் வேலை. அவள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள் என்றால் உங்கள் தமிழ் அவளுக்குப் புரிகிறது. பாதிப் பாலம் நிற்கிறது, மறுபாதியைக் கட்டலாம்.

அதட்டினால் தமிழ் அவளுக்குத் தண்டனை ஆகிவிடும். ஊரில் இருக்கும் அம்மம்மாவோடு வாரம் ஒருமுறை பேசவிடுங்கள். அம்மம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவள் தமிழுக்கு வந்தே ஆகவேண்டும். வார இறுதியில் தமிழ்ச்சோலைப் பள்ளிக்கு அனுப்புங்கள். அவள் வளர்ந்த பிறகு பாரிஸிலேயே இனால்கோ என்ற மொழிக் கல்வி நிறுவனத்தில் தமிழைப் பட்டப்படிப்பு அளவில் படிக்கவும் வழி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். வேலைக்கு ஓடி ஓடி, நடுவயதில் ஒரு மொழியைக் கற்றுக்கொண்டவர்கள் நீங்கள். உங்கள் பிரெஞ்சைப் பார்த்து மகள் சிரித்தால் அந்தக் கதையை அவளிடம் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள்.

தாய், ஸ்கார்பரோ, கனடா: மகனை பிரெஞ்சு இம்மெர்ஷன் பள்ளியில் சேர்த்தால் தமிழ் போய்விடுமா?

அந்த முறை 1965-இல் மான்ட்ரியல் பக்கத்தில் செந்த்-லாம்பேரில் தொடங்கியது. கேட்டது இங்கிலீஷ் பேசும் பெற்றோர்கள். கணக்கையும் வரலாற்றையும் பிரெஞ்சிலேயே நடத்தினார்கள். பிள்ளைகளின் இங்கிலீஷ் கெடவில்லை.

ஆனால் அவர்களைச் சுற்றி இங்கிலீஷ் கடல்போல இருந்தது. உங்கள் வீட்டுத் தமிழுக்கு அந்தக் கடல் இல்லை. தமிழ் போனால் பிரெஞ்சால் போகாது, சாப்பாட்டு மேசையில் இங்கிலீஷ் பேசுவதால் போகும்.

ஐடி ஊழியர், ஓசூர்: கனடா போக டெல்ஃப் போதுமா?

போதாது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழிக் குடியேற்றத்துக்கு டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா எழுத வேண்டும். இரண்டு வருஷம்தான் செல்லும். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனி வகையே வைத்திருக்கிறார்கள். நான்கு திறனிலும் கனடாவின் மொழி அளவுகோலில் ஏழாம் படி கேட்கிறார்கள். ஆறே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் விளம்பரத்துக்குப் பணம் கட்டுமுன் மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பாருங்கள்.

இளங்கலை மாணவி, திருச்சி: பிரான்ஸில் மேற்படிப்பு ஏழைக்கு எட்டுமா?

அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு 2019-இல் ஆண்டுக் கட்டணம் வைத்தார்கள்: இளநிலைக்கு 2,770 யூரோ, முதுநிலைக்கு 3,770. அதன்பின் கொஞ்சம் ஏறியிருக்கிறது. தங்குவதும் சாப்பிடுவதும் தனி. 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்கள் வரவேண்டும் என்று 2024 ஜனவரியில் அதிபர் மக்ரோன் அறிவித்தார்.

இங்கிலீஷிலேயே நடக்கும் படிப்புகளும் உண்டு. ஆனால் பிரெஞ்சு தெரிந்தவளுக்குத் திறக்கும் துறைகள் அதிகம். வாடகை வீடு, பகுதிநேர வேலை, பல்வலி, மூன்றும் பிரெஞ்சில்தான் நடக்கும்.

ஆசிரியர் பயிற்சி மாணவர், அரியலூர்: பிரான்ஸில் எல்லோரும் எப்போதும் பிரெஞ்சுதான் பேசினார்களா?

இல்லவே இல்லை. புரட்சிக்குப் பின் 1794-இல் பாதிரியார் க்ரெகுவார் கணக்கெடுத்துச் சொன்னார்: 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது, சரளமாகப் பேசுபவர்கள் 30 லட்சம்தான். பிரெத்தோன், ஒக்சித்தான், பாஸ்க் என்று ஆளுக்கொரு மொழி.

1880-களில் ழூல் ஃபெரி இலவசக் கட்டாயக் கல்வி கொண்டுவந்தார். நல்ல காரியம். ஆனால் பள்ளியில் தாய்மொழி பேசிய பிரெத்தோன் பிள்ளையின் கழுத்தில் ஒரு மரச் செருப்பைத் தொங்கவிட்டார்கள். அடுத்து எவன் தாய்மொழி பேசி மாட்டுகிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். சொந்தத் தோழனையே காட்டிக்கொடுக்க வைத்த ஏற்பாடு.

நீங்கள் நாளை ஆசிரியர். தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம் என்று எந்த வகுப்பிலும் எழுதி ஒட்டாதீர்கள். அதே செருப்புதான் அது.

போட்டித் தேர்வு மாணவர், தருமபுரி: பிரெஞ்சு பேசும் மிகப் பெரிய நகரம் பாரிஸ்தானே?

கின்ஷாசா. காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரம். 2022-இல் உலகில் 32 கோடிப் பேர் பிரெஞ்சு பேசுவதாகப் பிராங்கோபோனி அமைப்பு கணக்கிட்டது. அன்றாடம் பேசுவோரில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில். பாடப்புத்தகத்தில் ஈஃபில் கோபுரத்துக்குக் கொடுத்த பக்கங்களில் பாதியை ஆப்பிரிக்காவின் டக்கருக்கும் அபிஜானுக்கும் கொடுக்க வேண்டும்.

பிளஸ் டூ மாணவி, ராமநாதபுரம்: எவ்வளவு படித்தாலும் பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி வருமா?

செனகலில் பிறந்த லெயோபோல்ட் செதார் செங்கோருக்குப் பிரெஞ்சு தாய்மொழி அல்ல, பள்ளியில் கற்ற மொழி. 1935-இல் பிரெஞ்சு இலக்கணத்துக்கான மிக உயர்ந்த ஆசிரியர் தேர்வில் வென்றார். தூர் நகரத்தில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஆனார். பின்னால் செனகலின் முதல் குடியரசுத் தலைவர். 1983-இல் 40 பேர் மட்டுமே உட்காரும் பிரெஞ்சு அகாதெமியில் அவருக்கு ஒரு நாற்காலி. அந்த நாற்காலிகளில் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை, மகளே.

தபால்தலை சேகரிப்பாளர், காரைக்குடி: பழைய வெளிநாட்டு வான்வழி உறைகளில் 'பார் அவியோன்' என்று போட்டிருக்கிறதே?

1874-இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஆட்சிமொழி பிரெஞ்சு. அதனால் உலகமே உறையில் பிரெஞ்சு ஒட்டியது. சிங்கப்பூர் மாமாவின் கடிதத்தைப் பிரித்த நாளிலேயே உங்களுக்கு முதல் பிரெஞ்சுப் பாடம் நடந்துவிட்டது.

பெற்றோர், அண்ணா நகர்: இங்கிலாந்திலேயே பிள்ளைகள் பிரெஞ்சை விடுகிறார்களாம். நாம் ஏன் பிடிக்க வேண்டும்?

2004-இல் இங்கிலாந்து, 14 வயதுக்கு மேல் அயல்மொழி கட்டாயமில்லை என்றது. பிரெஞ்சுத் தேர்வு எழுதுவோர் மளமளவெனக் குறைந்தார்கள். தங்கள் மொழியே போதும் என்ற நினைப்பு அவர்களுக்கு நட்டம் செய்தது. நட்டத்தை எதற்குக் காப்பியடிக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு முடித்த மாணவியின் அப்பா, சேலம்: ஜூனில் மொழிப்பாடப் படிவம் தருவார்கள். எதை டிக் அடிக்க?

பேனாவை மகளிடம் கொடுங்கள். படிக்கப் போவது அவள்.

அவள் பிரெஞ்சு என்று சொன்னால் பள்ளியில் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நிமிஷம் பிள்ளைகள் பிரெஞ்சில் வாய் திறந்து பேசுவார்கள்? தேர்ச்சி விழுக்காட்டைச் சொல்வார்கள். அது வேண்டாம் என்று சொல்லுங்கள். மாநில முதல் மதிப்பெண் படத்தைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு மீண்டும் அதே கேள்வியைக் கேளுங்கள். பத்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் அடுத்த வருஷக் கால அட்டவணையில் பேச்சுக்கு ஒரு பீரியட் வந்துவிடும். தயவுசெய்து கேளுங்கள்.